ஐந்து வாரக் குழந்தை, "பால் பத்தவில்லை" என்கிறார்கள். தாய்ப்பால் மட்டும் கொடுக்க இனி வழி உண்டா?

பவளமல்லி (திண்டுக்கல்)

எல்லோருக்கும் வணக்கம். ஐந்து வாரத்துக்கு முன்பு எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. தலைப்பிரசவம், சிசேரியன். இப்போது அம்மா வீட்டில் இருக்கிறேன்.

ஆபரேஷன் முடிந்து என்னை வார்டுக்குக் கொண்டுவந்தபோது சாயங்காலம். குழந்தையை மறுநாள் காலையில்தான் மார்பில் போட்டார்கள். அதற்குள் பவுடர் பாலைக் கரைத்துப் பாலாடையில் (சங்கு மாதிரிச் சின்னக் கிண்ணம்) புகட்டிவிட்டார்கள். "உங்களுக்கு இன்னும் பால் ஊறவில்லை, அதுவரைக்கும் இது போகட்டும்" என்றார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது மருந்துச் சீட்டிலும் பவுடர் பால் எழுதியிருந்தது.

பகல் முழுக்கத் தாய்ப்பால்தான் குடிக்கிறாள். சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்தால் ஒன்பது, பத்து வரைக்கும் அழுகை. மார்பில் போட்டால் இழுக்கிறாள், விடுகிறாள், மறுபடி அழுகிறாள். அந்த நேரத்தில் ஒரு பாட்டில், சில நாள் இரண்டு பாட்டில் பவுடர் பால் போகிறது. குடித்ததும் தூங்கிவிடுகிறாள். அதைப் பார்த்து அம்மா, "உனக்குப் பால் பத்தவில்லை" என்கிறார். பெரியம்மா பசும்பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து கொடுக்கச் சொல்கிறார்.

எனக்குத் தாய்ப்பால் மட்டும் கொடுக்க வேண்டும் என்று ஆசை. இதற்கு மேல் அப்படி மாற முடியுமா? என்னோடு வேலை பார்க்கும் தோழிக்கு அரசு ஆஸ்பத்திரியில் பிரசவம். முதல் நாளிலிருந்து தாய்ப்பால் மட்டும்தான். அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை? உடம்பு வாகா, வேறு ஏதாவதா?


தேனிச்செவிலி (ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்)

தாயி, முதலில் ரெண்டு விஷயம் சொல்லு. ஒரு நாளைக்கு எத்தனை தடவை மூத்திரம் போகிறாள்? பிறந்த எடை என்ன, இப்போதைய எடை என்ன? பால் பத்துகிறதா இல்லையா என்று அழுகையை வைத்துச் சொல்ல முடியாது. எடையும் ஈரத்துணியும்தான் சாட்சி.

சாயங்கால அழுகை இந்த வயதில் ஏராளமான குழந்தைகளுக்கு உண்டு. மூணாவது வாரத்தில் ஆரம்பித்து ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய், மூணு மாதத்துக்குள் தானாக அடங்கும். அந்த நேரத்தில் விட்டு விட்டு, அடிக்கடி குடிக்கும். மார்பு தொளதொளவென்று இருக்கும், பால் இல்லை என்று நீயே நம்பிவிடுவாய். பால் மார்பில் சேர்த்து வைத்த சரக்கு மட்டும் இல்லை, குழந்தை சப்பச் சப்ப ஊறிக்கொண்டே இருப்பது. மார்பில் பால் தேங்கி நின்றால் "இவ்வளவு வேண்டாம்" என்று உடம்பு ஊறுவதைக் குறைத்துக்கொள்ளும். நீ பாட்டில் கொடுக்கிற ஒவ்வொரு வேளையும் அதுதான் நடக்கிறது. முதலில் ஒரு பாட்டில், அப்புறம் ரெண்டு. இப்படிப் பாட்டில் ஏறிக்கொண்டே போய், மூணாவது மாதத்தில் தாய்ப்பால் நின்றுபோன வீடுகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.


பவளமல்லி

நன்றிம்மா. பிறந்தபோது 2.9 கிலோ. போன வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்த்தபோது 3.7. நாளைக்கு ஏழெட்டு தடவை துணி மாற்றுகிறோம்.


தேனிச்செவிலி

அப்படியென்றால் பயமே வேண்டாம். மாற முடியும். ஆனால் இன்றைக்கே பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடாதே. அந்த 3.7 கிலோவில் பவுடர் பாலுக்கும் பங்கு இருக்கிறது.

சாயங்காலம் அழ ஆரம்பித்ததும் முதலில் ரெண்டு பக்கமும் மாற்றி மாற்றிக் கொடு. ஒரு பக்கம் சப்புவதை நிறுத்தினால் மறு பக்கம், அப்புறம் திரும்ப முதல் பக்கம். குழந்தையின் மேல்சட்டையைக் கழற்றி உன் நெஞ்சோடு ஒட்டிப் போட்டுக்கொள். இவ்வளவும் செய்து இன்னும் அழுதால் மட்டும் பவுடர் பால், அதையும் பாட்டிலில் கொடுக்காமல் பாலாடையில் கொடு. ரெண்டு மூணு நாளைக்கு ஒரு தடவை அளவை 15, 20 மில்லி குறைத்துக்கொண்டே வா. வாரம் ஒரு தடவை அதே தராசில் எடை பார். நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறினால் போதும், தைரியமாக அடுத்த படி இறங்கலாம். ஏறவில்லையென்றால் அங்கேயே நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டு.

ராத்திரி கொடுப்பதை விட்டுவிடாதே. பால் ஊற வைக்கிற புரோலாக்டின் ஹார்மோன் ராத்திரியில்தான் கூடுதலாகச் சுரக்கும். "பிள்ளை பெற்றவள் தூங்கட்டும்" என்று நல்ல மனதோடு ராத்திரிக்குப் பாட்டில் கொடுக்கிறார்கள். அது போய் விழுவது பால் ஊறுவதில்தான்.

வாய் வைக்கிற விதத்தையும் கவனி. காம்பை மட்டும் கவ்வினால் உனக்குப் புண்ணாகும், அவளுக்குப் பால் வராது. வாயை நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றிய கருவட்டத்தின் கீழ்ப்பகுதியெல்லாம் வாய்க்குள் போக வேண்டும். தாடை மார்பில் முட்ட வேண்டும். தையல் வலி இருப்பதால் மடியில் போடாமல், கக்கத்துக்கு அடியில் அவள் உடம்பும் உன் கையில் தலையும் வருகிற மாதிரிப் பிடித்துப் பார். சிசேரியன் ஆனவர்களுக்கு அது சுகமாக இருக்கும்.

பசும்பால் வேண்டவே வேண்டாம் என்று பெரியம்மாவிடம் நான் சொன்னதாகச் சொல்லு. ஒரு வயது வரைக்கும் அதைக் குடிக்கிற பாலாகக் கொடுக்கக் கூடாது. பாதித் தண்ணீர் கலந்தால் குழந்தையின் வயிறுதான் ஏமாறும்.


நொய்யல்டாக்டர் (குழந்தை மருத்துவர், கோவை)

சகோதரி, "அவளால் முடிந்தது என்னால் ஏன் முடியவில்லை" என்று கேட்டீர்கள். அந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். வெளி ஆட்களிடமும் ஆஸ்பத்திரிகளிடமும் நான் ஓயாமல் பேசுகிற விஷயம் இது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையைத் தாயின் மார்பில் போட வேண்டும், ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. முதுகில் ஊசி போட்டுச் செய்கிற சிசேரியனில் தாய் விழிப்போடுதான் இருக்கிறாள். தாயும் சேயும் நலமாக இருந்தால் ஆபரேஷன் மேசையிலேயே குழந்தையை அவள் நெஞ்சில் போடலாம். நிறைய இடங்களில் அதைச் செய்வதில்லை. குழந்தை வார்மருக்கு (சூடு தருகிற கருவி) போகிறது, அங்கிருந்து உறவினர் கைக்கு, அங்கிருந்து பவுடர் பாலுக்கு.

முதல் நாளில் குழந்தைக்கு ஒரு தடவைக்குச் சில மில்லிதான் தேவை. சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், அதுவே போதும். பால் பெருகுவது இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள். சிசேரியனில் இன்னும் சற்றுத் தள்ளிப் போகலாம். குழந்தையின் எடை முதல் சில நாளில் 7 சதவீதம் வரை குறைவது இயல்பு, இரண்டு வாரத்துக்குள் திரும்ப வந்துவிடும். இதையெல்லாம் தாய்க்கு ஒருவரும் சொல்வதில்லை. சொட்டுப் பாலைப் பார்த்ததும் "ஊறவில்லை" என்று முடிவு கட்டி 30 மில்லி புகட்டுகிறார்கள். வயிறு முட்டிய குழந்தை மணிக்கணக்கில் தூங்குகிறது, சப்புவதில்லை. சப்பாததால் பால் பெருகுவது தாமதமாகிறது. தாமதமானதால் "பார்த்தீர்களா, பால் இல்லை" என்கிறார்கள். உங்கள் உடம்பில் குறை இருந்ததாக இதில் எங்கே தெரிகிறது?

தமிழ்நாட்டின் கணக்கு எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவம் மருத்துவமனையில் நடக்கிறது. ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் தாய்ப்பால் மட்டும் குடிப்பவர்கள் 55.1 சதவீதம். நாடு முழுமைக்குமான சராசரி 63.7. ஏறக்குறைய எல்லாத் தாய்மார்களும் டாக்டர், நர்ஸ் கண் முன்னால் பிள்ளை பெறுகிற மாநிலம், நாட்டின் சராசரிக்குக் கீழே இருக்கிறது. சிசேரியன் 44.9 சதவீதம், தனியாரில் மட்டும் பார்த்தால் 63.8.


சுடர்க்கொடி (மதுரை)

டாக்டர் சொல்வதில் பாதிக்குத்தான் நான் உடன்படுவேன். சிசேரியன் மேல் மொத்தப் பழியையும் போட முடியாது. அதே ஆய்வில் தெலங்கானாவைப் பாருங்கள். அங்கே சிசேரியன் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது, ஆனாலும் தாய்ப்பால் மட்டும் குடிக்கிற குழந்தைகள் நம்மைவிட அதிகம்.

எனக்கு ரெண்டும் சுகப்பிரசவம். மூத்தவன் பிறந்ததும் அரை மணி நேரத்தில் மார்பில் போட்டுவிட்டார்கள், அதில் ஒரு குறையும் இல்லை. வார்டுக்கு வந்ததும் வீட்டின் வேலை தொடங்கியது. பெரிய மாமா வந்து சேனை வைத்தார். அவர் குணம் பிள்ளைக்கு வர வேண்டுமாம், தேனில் விரலைத் தொட்டு நாக்கில் தடவினார். வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் தெருவில் கழுதைப்பால்காரர் வந்தார், சீர் என்கிற நோய் தட்டாது என்று ஒரு சங்கு. பிறகு உரை மருந்து: வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் எல்லாம் கல்லில் இழைத்து. வயிறு உப்பினால் கிரைப் வாட்டர். சித்திரை வெயிலில் "பிள்ளைக்கு நாக்கு வறளும்" என்று தண்ணீர். இத்தனைக்கும் நடுவில் நான் தாய்ப்பால் "மட்டும்" கொடுப்பதாக அங்கன்வாடியில் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டிலும் யாரும் அதைப் பொய் என்று நினைக்கவில்லை. எங்களுக்கு அதெல்லாம் உணவாகவே தெரியவில்லை.

இதை முடிவு செய்வது பிள்ளை பெற்றவள் இல்லை. நாற்பது நாள் வரைக்கும் குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர், மருந்து இழைக்கிறவர், பத்தியச் சோறு ஆக்குகிறவர்தான் முடிவு செய்கிறார். பிரசவத்துக்கு முன்னால் தாய்க்கு எவ்வளவு பாடம் எடுத்தாலும், அந்தப் பாடம் அவருக்குப் போய்ச் சேராவிட்டால் ஒன்றும் நடக்காது. இரண்டாவது பிரசவத்தின்போது பரிசோதனைக்கு என் மாமியாரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டரம்மா அவரிடமே நேராகப் பேசினார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர்களை "ஆறு மாசம் ஒண்ணும் கூடாது" என்று தடுத்து நிறுத்தியது அவர்தான்.


நொய்யல்டாக்டர்

தெலங்கானா கணக்கு சரிதான், ஏற்றுக்கொள்கிறேன். சிசேரியன் தன்னளவில் தடையில்லை, அதையொட்டிய பழக்கங்கள்தான் தடை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஆய்வு கேட்பது முந்தைய ஒரு நாளில் குழந்தைக்கு என்னென்ன கொடுத்தீர்கள் என்றுதான். முதல் வாரத்தில் சர்க்கரைத் தண்ணீரும் கழுதைப்பாலும் குடித்த குழந்தை, மூன்றாவது மாதத்தில் நேற்று தாய்ப்பால் மட்டும் குடித்திருந்தால் தாய்ப்பால் கணக்கில்தான் வரும். பிறந்தது முதல் ஆறு மாதம் முடிகிறவரை இடையே எதுவும் சேராமல் வந்த குழந்தைகளை மட்டும் எண்ணினால் 55ஐவிடக் கீழேதான் இருக்கும்.


வெள்ளச்சிஅப்பத்தா (சிவகங்கை)

பேரன் இந்தப் பக்கத்தைக் காட்டினான், நான் சொல்லச் சொல்ல அவன்தான் எழுதுகிறான். எனக்கு ஐந்து பிள்ளைகள், எல்லாம் வீட்டில் பிறந்தது. உரை மருந்து கொடுத்தோம், வசம்பு சுட்டுக் கரைத்துக் கொடுத்தோம், நல்லாத்தான் இருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைக்குச் சளி, மாந்தம் என்றால் ஓட ஆஸ்பத்திரி ஏது? தெரிந்ததைச் செய்தோம். எங்களைக் கெட்டவர்கள் மாதிரிப் பேசாதீர்கள்.

ஆனால் பவுடர் பால் டப்பாவை நாங்கள் கண்டதில்லை. பிள்ளை அழுதால் மார்பில்தான் போடுவோம், ராத்திரி பகல் என்று கணக்குக் கிடையாது. இந்தக் காலத்துப் பிள்ளைகளை இரண்டு மணிக்கு ஒரு தடவை என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கச் சொல்கிறார்களாமே, அது எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு, பெற்றவளுக்குத் தண்ணீர் கொடுக்காமல் வைப்பது எங்கள் பக்கத்தில் இருந்தது. தாகத்தில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அது மட்டும் வேண்டாம், அந்தப் பிள்ளைக்கு நன்றாகத் தண்ணீர் கொடுங்கள்.


நொய்யல்டாக்டர்

அப்பத்தா, உங்களைக் கெட்டவர் என்று இங்கே ஒருவரும் நினைக்கவில்லை. கடிகாரம் பார்க்காமல் கொடுத்தீர்கள் பாருங்கள், அதைத்தான் இப்போது புத்தகங்களும் சொல்கின்றன. தாய்க்குத் தண்ணீர் கொடுப்பதும் சரி. பத்தியம் என்று காய், கீரை, பழத்தையெல்லாம் தள்ளிவைத்துப் பெற்றவளை வாட விடுவதும் வேண்டாம். பூண்டு, முருங்கைக்கீரை, பால்சுறா எல்லாம் தாராளமாகச் சாப்பிடட்டும்.

உரை மருந்தில் என் பயம் வேறு. இழைக்கிற கல், கலக்கிற தண்ணீர், தொடுகிற விரல், எல்லா வழியிலும் கிருமி போகும். வசம்பு அளவு மீறினால் நஞ்சு. தேனில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதை, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தையின் குடலில் முளைத்து நரம்பைத் தாக்கும் விஷத்தை உண்டாக்கலாம். அரிதுதான், ஆனால் உயிருக்கே ஆபத்து. சேனை வைத்தே ஆக வேண்டும் என்று வீட்டில் நின்றால், தாயின் சீம்பாலில் விரலைத் தொட்டு வைக்கச் சொல்கிறேன். நிறையத் தாத்தாக்கள் இதற்குச் சம்மதிக்கிறார்கள்.

வெயில் காலத்திலும் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் சுமார் 88 சதவீதம் தண்ணீர்தான். தாகம் எடுத்தால் குழந்தை இன்னும் அடிக்கடி குடிக்கும். தாய்ப்பால் மட்டும் என்பதில் டாக்டர் எழுதித் தருகிற வைட்டமின் டி சொட்டு மருந்து, இரும்புச் சத்து சிரப், வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. அதைக் கொடுத்தால் விரதம் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம்.


ஆடிக்காற்று (உடுமலை)

அப்பா தரப்பிலிருந்து கொஞ்சம். எங்களுக்குக் குழந்தை பிறந்தபோது நான் செய்யக்கூடியது ஒன்றும் இல்லை, பால் கொடுப்பது அவள் வேலை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். உண்மையில் வேலை நிறைய இருந்தது. ராத்திரி குழந்தையை எடுத்துக் கொடுப்பது, குடித்ததும் தோளில் போட்டு ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது. எல்லாவற்றுக்கும் மேல், "பால் பத்தவில்லை போல" என்று யாராவது சொல்லும்போது அவள் முன்னால் நின்று நான் பதில் சொல்வது. அவள் சொன்னால் வாயாடி என்பார்கள், நான் சொன்னால் கேட்டார்கள். அநியாயம்தான், ஆனால் அப்படித்தான் இருக்கிறது.

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கத்தில் ஓய்வும் நல்ல சாப்பாடும் கிடைக்கும், அது பெரிய உதவி. ஆனால் அந்த மூன்று மாதமும் அப்பா விருந்தாளி மாதிரி ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். பவளமல்லியின் கணவர் இதைப் படித்தால், வாரக் கடைசியிலாவது இரண்டு ராத்திரி அங்கேயே தங்குங்கள், சகோ.


நிலாமுற்றம் (சென்னை)

இந்த இழையைப் படிக்கப் படிக்க மனம் கனத்துவிட்டது, அதனால் எழுதுகிறேன். எனக்குப் பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு. மூன்று பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிறகு பால் சரியாக ஊறவே இல்லை. சப்ப வைத்தேன், பீய்ச்சினேன், மாத்திரை சாப்பிட்டேன். குழந்தை எடை குறைந்துகொண்டே போனது. பவுடர் பாலில்தான் என் மகன் வளர்ந்தான். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவரும் "தாய்ப்பாலா?" என்றுதான் முதலில் கேட்டார்கள். ஆறு மாதம் கழித்துத்தான் என்னால் அழாமல் அதற்குப் பதில் சொல்ல முடிந்தது. தாய்ப்பால் பற்றிப் பேசும்போது எங்களைப் போன்றவர்களையும் நினைத்துக்கொள்ளுங்கள்.


தேனிச்செவிலி

கண்ணு, நீ செய்தது சரி. பிள்ளையின் எடை இறங்கும்போது கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது. அதிக ரத்தப்போக்கு, கவனிக்காமல் விட்ட தைராய்டு, மார்பில் முன்பு நடந்த ஆபரேஷன், பிறவியிலேயே பால் சுரப்பி குறைவாக இருப்பது, இவற்றில் எது இருந்தாலும் பால் உண்மையிலேயே குறையலாம். அப்படிப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சம் பேரையும் "நீ முயற்சி செய்யவில்லை" என்று பேசுவது பாவம். பவுடர் பால் தேவைப்படுகிறவர்கள் டப்பாவில் போட்டிருக்கிற அளவுக்கே கலக்க வேண்டும். காசை மிச்சம் பிடிக்க ஒரு கரண்டி குறைப்பது, கொதிக்காத தண்ணீரில் கரைப்பது, ரெண்டுமே ஆபத்து.

குறைமாதக் குழந்தை, எடை குறைந்த குழந்தை என்றால் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். 1989இல் மும்பை சயான் மருத்துவமனையில் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் தொடங்கியதுதான் ஆசியாவின் முதல் வங்கி. இங்கே எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை உட்பட அரசு மருத்துவமனைகளிலும் இருக்கிறது.

சொல்ல விட்டுப்போன ஒன்று: மார்பு கட்டிக்கொண்டு கல் மாதிரி ஆனால் மல்லிகைப் பூவை வைத்துக் கட்டச் சொல்வார்கள். வேண்டாம். அது பாலை வற்ற வைப்பதற்கான வைத்தியம். குழந்தையை இழந்த தாய்மாருக்கு அந்தக் காலத்தில் செய்தார்கள். வேலூர் சிஎம்சி மருத்துவமனையில் அதை முறையாகவே சோதித்து, பால் குறைகிறது என்று 1988இல் கட்டுரை போட்டார்கள். பால் கட்டினால் செய்ய வேண்டியது அடிக்கடி குடிக்க வைப்பது, மிச்சத்தைக் கையால் பீய்ச்சிவிடுவது. காய்ச்சலும் சிவப்பும் சேர்ந்து வந்தால் டாக்டரிடம் போக வேண்டும். அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது.


கடல்நாரை (யாழ்ப்பாணம்)

எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 2016இல் எடுத்த குடித்தொகை சுகாதார ஆய்வில் தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைகள் 82 சதவீதம். இங்கேயும் சிசேரியன் இருக்கிறது, வேலைக்குப் போகிற தாய்மார் இருக்கினம், பால்மாவும் கடையில் கிடைக்கும்.

வித்தியாசம் எங்கே என்றால், மருத்துவமாது (பிரசவம் பார்க்கிற அரசுச் செவிலி) வீட்டுக்கு வருவா. கர்ப்பம் என்று பதிந்த நாளிலிருந்தே உங்கள் வீடு அவவுக்குத் தெரியும். பிள்ளை பிறந்து வீட்டுக்கு வந்தால் முதல் பத்து நாளுக்குள் இரண்டு தரம் வந்து, பால் கொடுக்கச் சொல்லிப் பக்கத்தில் இருந்து பார்ப்பா. எனக்குக் காம்பு வெடித்து, பால்மா வாங்க ஆளை அனுப்பிவிட்டு இருந்த நேரம் அவ வந்தா. பிள்ளையை வைத்திருந்த விதத்தை மாற்றிவிட்டா, அவ்வளவுதான், அடுத்த நாள் நோவு குறைந்துவிட்டது. அம்மம்மாவின் பத்தியக் கறிக்கும் சரக்குத்தூளுக்கும் அவ ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளையின் வாயில் ஒன்றும் வைக்காதேங்கோ என்று மட்டும் சொன்னா.

அந்த ஒரு ஆள் சரியான நாளில் வீட்டுப் படியேறி வந்தது எனக்கு எந்த வகுப்பையும்விடப் பெரிது.


தேனிச்செவிலி

இதைப் படித்துச் சந்தோஷப்பட்டேன். எங்கள் வேலையும் அதுதானே. ஆனால் தடுப்பூசி, கணினிப் பதிவு, கூட்டம் என்று நாள் போய்விடுகிறது. பிள்ளை பெற்றவள் வேறு ஊரில் தாய்வீட்டில் இருந்தால் எந்தச் செவிலியரின் பட்டியலிலும் அவள் சரியாக வருவதில்லை. மூணாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் போய் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். நாற்பதாம் நாள் போனால் பாட்டிலைத்தான் பார்க்க முடியும்.


பனியன்நகர்ப்பெண் (திருப்பூர்)

எல்லோரும் ஆஸ்பத்திரி, வீடு என்று பேசுகிறீர்கள். எங்கள் கதை கம்பெனி வாசலில் முடிந்துவிடுகிறது. நான் செக்கிங் பிரிவில் இருந்தேன். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனதும் திரும்பப் போனேன், போகாவிட்டால் வாடகை கட்ட முடியாது. காலை எட்டரைக்கு உள்ளே போனால் ராத்திரி எட்டுக்கு வெளியே. மத்தியானம் மார்பு கட்டிச் சட்டை நனையும், கழிவறையில் நின்று பீய்ச்சிக் கீழே ஊற்றிவிட்டு வருவேன். குழந்தைகள் காப்பகம் என்று ஒரு அறை இருந்தது, அதில் அட்டைப்பெட்டி அடுக்கியிருந்தார்கள். என் பிள்ளை மாமியாரிடம் பவுடர் பால் குடித்து வளர்ந்தாள். ஆறு மாதம் கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரியாமலா? சுவரில் ஒட்டியிருந்த படத்தை நானும்தான் படித்தேன்.


தராசுமுள் (தொழிற்சங்கம், ஈரோடு)

சகோதரி, உங்களுக்கு நடந்தது சட்டத்துக்குப் புறம்பானது. முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் காப்பகம் வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. 2017இல் மகப்பேறு பயன் சட்டத்தைத் திருத்தியபோது, 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனங்களுக்கும் காப்பகத்தைக் கட்டாயமாக்கினார்கள், விடுப்பை 26 வாரமாக உயர்த்தினார்கள். குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை வழக்கமான இடைவேளை போகப் பால் கொடுக்க நாளுக்கு இரண்டு இடைவேளை தர வேண்டும்.

26 வாரம் என்றால் ஆறு மாதம், கணக்கு சரியாகிவிட்டது என்று தோன்றும். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுக்கலாம். முன்னால் அவ்வளவும் எடுத்தவருக்குப் பிறகு மிஞ்சுவது 18 வாரம், நான்கு மாதத்துக்குச் சற்று மேல். இந்தப் பயனே கடைசிப் பன்னிரண்டு மாதத்தில் 80 நாள் வேலை செய்தவருக்குத்தான். செங்கல் சூளை, வயல் வேலை, வீட்டு வேலை செய்கிறவர்களுக்கு இது எட்டாது. அவர்களுக்கு இருப்பது முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி, பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாக, அதுவும் தவணையாக. மறுபுறம் தமிழக அரசு ஊழியர்களுக்கு 2021 ஜூலையிலிருந்து 12 மாத விடுப்பு. அதை நான் வரவேற்கிறேன், அது சரியான அளவு. ஒரே தெருவில் ஒரு வீட்டுக் குழந்தைக்கு ஒரு வருடம் அம்மா கிடைக்கிறாள், அடுத்த வீட்டுக் குழந்தைக்கு மூன்று மாதம்.


சுடர்க்கொடி

இன்னொரு சட்டமும் இருக்கிறது, அதையும் நினைவுபடுத்துகிறேன். 1992இல் வந்து 2003இல் திருத்திய குழந்தைப் பால் மாற்றுப் பொருள் சட்டம். இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பால் பவுடர், பாட்டில், குழந்தை உணவு எதற்கும் விளம்பரம் கூடாது, தாய்மாருக்கு இலவச மாதிரி கூடாது, மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிசோ கமிஷனோ கூடாது. மருத்துவக் காரணம் ஒன்றும் சொல்லாமல் சீட்டில் பவுடர் பால் எழுதிக் கொடுத்தால் ஏன் என்று வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதற்கு நமக்கு உரிமை இருக்கிறது.

2015 ஆகஸ்டில் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தார்கள். நல்ல திட்டம். எங்கள் பக்கத்தில் ஒன்று பூட்டியே கிடக்கிறது. பயணம் என்றால் பாட்டில் என்கிற பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது.


பவளமல்லி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. செவிலியம்மா சொன்ன மாதிரிக் குறைத்துக்கொண்டு வருகிறோம். இப்போது சாயங்காலம் கொஞ்சம் மட்டும், அதுவும் பாலாடையில். ஆறாவது வாரத் தடுப்பூசிக்குப் போனபோது எடை 4 கிலோவுக்குச் சற்று மேல். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். தராசைப் பார்த்த பிறகு அம்மா பேசுவதே மாறிவிட்டது. அவரும் (கணவர்) இங்கே வந்து தங்குகிறார்.

தராசுமுள் அண்ணா சொன்ன கணக்கு எனக்கு அப்படியே பொருந்துகிறது. பிரசவத்துக்கு முன்னால் ஆறு வாரம் எடுத்துவிட்டேன், குழந்தைக்கு நாலரை மாதம் ஆகும்போது வேலைக்குத் திரும்ப வேண்டும். அலுவலகத்தில் குளிர்சாதனப் பெட்டி இருக்கிறது, காப்பகம் இல்லை. பாலை எடுத்து வைத்துக் கொடுத்தால் ஆறு மாதத்தைத் தொட முடியுமா?


நொய்யல்டாக்டர்

முடியும். பீய்ச்சிய பால் அறையில் 25 டிகிரிக்குள் இருந்தால் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியில் நான்கு நாள் வரை தாங்கும். திண்டுக்கல் வெயிலில் அறைக் கணக்கை நம்பாமல் உடனே குளிரில் வைத்துவிடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவர ஐஸ் கட்டி போட்ட பை போதும். சூடாக்க அடுப்பிலோ மைக்ரோவேவிலோ வைக்காமல், வெந்நீர்க் கிண்ணத்தில் பாத்திரத்தை வைத்து எடுங்கள். ஒருமுறை வாய் வைத்த மிச்சத்தைத் திரும்ப எடுத்து வைக்க வேண்டாம்.


தேனிச்செவிலி

பீய்ச்சுவதை இப்போதே பழகிக்கொள், தாயி. காலையில் அவள் குடித்த பிறகு ஒரு தடவை, கையாலேயே. முதலில் ரெண்டு ஸ்பூன்தான் வரும், பயப்படாதே. அலுவலகத்தில் மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை எடு, இல்லாவிட்டால் ஊறுவது குறையும். கதவு சாத்திக்கொள்ள ஒரு அறை வேண்டும் என்று மேலதிகாரியிடம் இப்போதே எழுதிக் கேட்டுவிடு, சேர்கிற அன்றைக்குப் போய் நின்றால் கழிவறையைத்தான் காட்டுவார்கள்.

வேலைக்குப் போவதற்கு ரெண்டு வாரம் முன்பே, உன் பாலை உன் அம்மா பாலாடையில் கொடுத்துப் பழக்கட்டும். நீ பக்கத்தில் இருந்தால் உன் வாசனைக்கு அவள் அதை வாங்க மாட்டாள், அந்த நேரம் கடைக்குக் கிடைக்குப் போய்விட்டு வா. வேலை விட்டு வந்ததும் முதல் காரியமாக மார்பில் போடு, ராத்திரியும் விடாதே.